கழிக்குறிச்சிக்குப் போய் வேர் கொண்டுவந்த கதை

எங்கள் தெருவில் காசிக்குப் போய்வந்தவர்கள் இரண்டு பேர். ரங்கூனுக்குப் போய்வந்தவர் ஒருவர். திருநெல்வேலிச் சீமைக்குப் போய் மண் தின்றுவிட்டு வந்தவன் நான் ஒருவன்தான். ரங்கூன்காரர் கப்பலில் வாந்தி எடுத்த கதையை ஆரம்பித்தால் எல்லாரும் வேஷ்டியைத் தட்டிக்கொண்டு எழுந்துவிடுகிறார்கள். என் கதைக்கு மட்டும் இன்னும் கூட்டம் குறையவில்லை. சொல்லிச் சொல்லி வாய் வலிப்பதால் எழுதி வைத்துவிடுகிறேன். இனி யாராவது கேட்டால் இந்தக் காகிதத்தைக் கொடுத்துவிட்டுப் படுத்துக்கொள்ளலாம்.

நான் கும்பகோணத்துக்காரன். விவசாய இலாகாவில் குமாஸ்தா. நெல்லைப் பற்றி வண்டி வண்டியாகக் கடுதாசி எழுதியிருக்கிறேனே தவிர, சேற்றில் காலை வைத்தது கிடையாது. அப்படிப்பட்டவனைத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டாம் வருஷம், பொங்கல் கழிந்த மறுவாரம், “திருநெல்வேலியில் துரை முகாம் போட்டிருக்கிறார். அவர் சொல்கிற செடியைப் பிடுங்கிக் கொடுத்துவிட்டு வா” என்று அனுப்பிவிட்டார்கள். செடி பிடுங்கத் தெரிந்தவர்கள் அத்தனை பேருக்கும் அந்த வாரம் காய்ச்சல். என் மனைவி, பரதேசம் போகிறவனை வழியனுப்புகிற மாதிரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு சிறு ஜாடி நிறைய உப்பு நார்த்தங்காயும் ஒரு கூஜா காவேரித் தண்ணீரும் கொடுத்தாள்.

தண்ணீர் திருநெல்வேலி ஸ்டேஷன் வாசலைத் தாண்டவில்லை. குதிரை வண்டிக்காரர் கூஜாவை ஒரு தினுசாகப் பார்த்தார்.

“அதுல என்ன தண்ணி அண்ணாச்சி?”

“காவேரித் தண்ணீர்ங்க.”

அவர் என் கையிலிருந்து மரியாதையாகக் கூஜாவை வாங்கி, குதிரையின் கால்களை அந்தத் தண்ணீரால் கழுவினார். “ஏறுங்க. மொதல்ல நம்ம தாமிரவருணித் தண்ணியக் குடிங்க. மத்த சோலியெல்லாம் அப்புறம் பாத்துக்கிடலாம்” என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் குடித்துப் பார்த்தேன். ருசியாகத்தான் இருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை.

துரையின் முகாம் பாளையங்கோட்டையில் ஒரு பங்களாவில். அவர் ஒரு காகிதக் கட்டைத் தூக்கி மேஜைமேல் போட்டு இங்கிலீஷில் சொன்னதன் சாரம் இது: “மூன்று வருஷமாக ஒரே மனு. கழிக்குறிச்சி என்று ஆற்று முகத்துக்குப் பக்கத்தில் ஓர் ஊர். கடல் தண்ணீர் உப்பங்கழி வழியாக ஏறி வயலுக்குள் வருகிறதாம், நெல் சாகிறதாம். கழிக்குக் குறுக்கே ஒரு கரையும் மதகும் கட்டித் தர வேண்டுமாம். கட்ட வேண்டியவர்களைக் கேட்டால், கடலும் இல்லை உப்பும் இல்லை, அந்த ஊர்க்காரர்களுக்குப் பயிர் வைக்கத் தெரியவில்லை என்கிறார்கள். எனக்கு யார் அபிப்பிராயமும் வேண்டாம். வேர் வேண்டும்.”

நல்ல தண்ணீரில் வளர்ந்த நெற்செடி ஆறு, சேரன்மகாதேவியிலிருந்து. கழிக்குறிச்சிச் செடி ஆறு. வேர் அறாமல், ஒட்டிய மண்ணோடு, வெள்ளிக்கிழமை மாலைக்குள் அவர் மேஜைக்கு வந்துவிட வேண்டும். சனிக்கிழமை அவர் ரயில் ஏறுகிறார். வேரில் உப்பின் அடையாளம் இருந்தால் கரை வேண்டும் என்று எழுதுவார். இல்லாவிட்டால் மனுவை ஒரேயடியாக மூடிவிடுவார்.

உப்பின் அடையாளம் என்றால் என்ன என்று விழித்தேன். துரை பென்சிலால் இரண்டு வேர் வரைந்தார். ஒன்று நீளமாக, தாடி போல. மற்றொன்று கட்டையாக, மொட்டையாக. உப்பு வேரைத் தின்பதில்லையாம். மண்ணில் இருக்கிற தண்ணீரை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறதாம். வேர் எவ்வளவு இழுத்தாலும் விடாதாம். பயிர் தண்ணீரிலேயே நின்றுகொண்டு தாகத்தால் சாகிறது என்றார். எனக்கு எங்கள் ஆபீஸ் சேவகன் ஞாபகம் வந்தது. உள்ளே அதிகாரி இருப்பார், வெளியே மனுக்காரன் நிற்பான், நடுவில் அவன் உட்கார்ந்திருப்பான்.

சேரன்மகாதேவி வேலை சுலபமாக முடிந்தது. ரயிலில் எதிரே இருந்த இரண்டு பேர் வழி நெடுகத் தண்ணீரைப் பற்றியே பேசினார்கள். “எங்கூருத் தண்ணில பருப்பு போட்ட ஒடனே வெந்துரும்வே” என்றார் ஒருவர். “எங்கூர்ல பருப்புக்குத் தண்ணியத் தூர நின்னு காட்டுனாப் போதும்வே” என்றார் மற்றவர். பார்க்கும் இடமெல்லாம் பச்சை. வயல்காரர் ஒருவர் கேட்டவுடன் ஆறு செடியைத் தோண்டிக் கொடுத்தார். வேர்கள் வெள்ளை வெளேரென்று ஒரு சாண் நீளம் தொங்கின. சாப்பாட்டில் சொதி ஊற்றினார்கள். தேங்காய்ப் பாலில் காய்கறி மிதக்கும் குழம்பு அது. எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்தில் யாருக்கும் ஏன் அது தோன்றவில்லை என்று மூன்றாவது தடவை வாங்கிக்கொள்ளும்போது யோசித்தேன். செடிகளைத் துரையின் பங்களாத் தொட்டியில் வைத்துவிட்டு, மறுநாள் வழிக்கு வேண்டுமே என்று கடைத்தெருவில் இரண்டு பொட்டலம் அல்வாவும் வாங்கிக்கொண்டேன். அந்த அல்வாதான் பிற்பாடு என் உயிரைக் காப்பாற்றியது.

திங்கட்கிழமை ஸ்ரீவைகுண்டம் வரைக்கும் மனிதர்கள் ஏறுகிற வண்டியில் போனேன். அங்கிருந்து கழிக்குறிச்சிக்குத் தண்ணீர் வண்டி. கேலி இல்லை. அந்த ஊர்க் கிணறுகள் எல்லாம் உப்பு. குடிக்கிற தண்ணீரை மூன்று மைல் மேற்கே ஓர் ஊரிலிருந்து மாடசாமி என்பவர் தினமும் மாட்டு வண்டியில் பீப்பாய் வைத்துக் கொண்டுவருகிறார். அன்றைக்கு எனக்காக இன்னும் கொஞ்சம் மேற்கே வந்திருந்தார். இரண்டு பீப்பாய்க்கு நடுவில் என்னைச் செருகிவிட்டு, “பைய இருங்கய்யா, தண்ணி அலம்பும்” என்றார். அலம்பியது. ஊர் எல்லையில் நான் இறங்கியபோது இடுப்புக்குக் கீழே ஒரு நூல்கூடக் காய்ந்திருக்கவில்லை.

சங்கரலிங்கம் பிள்ளை வாசலுக்கு வந்து வரவேற்றார். என் வயதுதான் இருக்கும். ஆனாலும் அந்த ஊர் வழக்கப்படி நானும் அவரை அண்ணாச்சி என்றேன். மனு எழுதியவர் அவர். அதைவிட முக்கியம், அவர்தான் ஊருக்கு நாக்கு. எந்த வயலில் எவ்வளவு உப்பு ஏறியிருக்கிறது, எதில் நடலாம், எதை விட்டுவிடலாம் என்று மண்ணை நாக்கில் வைத்துப் பார்த்துச் சொல்லிவிடுவார். ஊர் அதன்படி நடக்கும்.

“வாங்க, வாங்க. உப்பு சேக்குதியளா?” என்பதுதான் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி.

“சேர்ப்பேனே. ஏங்க?”

“இன்னையிலேருந்து கெடையாது. மூணு நாளு நாக்கு சும்மா கெடந்தாத்தான் மண்ணு பேசும். நான் சொல்லுதத அப்படியே எழுதிக்கிட்டுப் போனா, பிள்ளை சொன்னாருன்னு ஆயிரும். நீங்களே நாக்குல வச்சுப் பாத்து எழுதணும். வீட்டுல எல்லாருக்கும் சேத்து நிறுத்தியாச்சு.”

அவருடைய மனைவி கோமதி மதினி என் பெட்டியை ஒரே பார்வையில் எடைபோட்டு, நார்த்தங்காய் ஜாடியைப் பிடுங்கி உறியில் ஏற்றிவிட்டார். “போவும்போது தாரேன்” என்றார். மூன்று நாளும் நான் படுத்திருந்த இடத்திலிருந்து அந்த உறி தெரிந்தது.

சாப்பாட்டில் ஒரு குறையும் கிடையாது. அவியல், சொதி, உளுந்தஞ்சோறு, பொங்கலுக்கு வந்த பனங்கிழங்கு என்று இலை நிறைந்தது. இலையின் இடது மூலையில் உப்பு வைக்கிற இடம் மட்டும் காலி. பன்னிரண்டு பதார்த்தமும் ஒரே ருசியாக இருந்தன, அதாவது ருசியே இல்லாமல். ஜன்னல் வழியே பார்த்தால் தூரத்தில் உப்பளத்தில் அம்பாரம் அம்பாரமாக உப்பு வெயிலில் மின்னுகிறது. இங்கே எனக்கு ஒரு கல் கிடையாது. ராத்திரிச் சாப்பாட்டை இரண்டு வாயில் முடித்துக்கொண்டு, போர்வைக்குள் அல்வாவைப் பிரித்தேன். அல்வாவில் உப்பில்லை, ஆகவே விரதம் கெடவில்லை.

செவ்வாய்க்கிழமை ஒரு கண்டுபிடிப்புச் செய்தேன். கடற்காற்று மீசையில் உப்பைப் படிய வைக்கிறது. வாசலில் உட்கார்ந்து, நாக்கை மெல்ல மேலே நீட்டினேன். அடடா! ஒரு கால் மணி நேரம் சொர்க்கத்தில் இருந்தேன்.

“மீசையத் தொடைங்க” என்று பின்னாலிருந்து குரல் கேட்டது. அண்ணாச்சி ஈரத் துண்டோடு நின்றுகொண்டிருந்தார். “எல்லாருந்தாம் ரெண்டாம் நாளு இதக் கண்டுபிடிக்கது.”

அப்போது நான் அவரைக் கொஞ்சம் வெறுத்தேன் என்பதை மறைப்பதற்கில்லை. அரசாங்க உத்தியோகஸ்தனின் மீசையை ஒருவர் துடைத்துவிடுவது என்பது எங்கள் ஜில்லாவில் நடக்காது.

புதன்கிழமை மாலை வயலுக்குப் போனோம். ஊரில் பாதி பேர் பின்னாலேயே வந்தார்கள். அண்ணாச்சி வரப்பில் நடந்தார். ஒவ்வொரு வயலிலும் குனிந்து, சுண்டைக்காய் அளவு மண்ணை எடுத்து, நாக்கு நுனியில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டார்.

“இது பழைய உப்பு. ஐப்பசி மழை கழுவுனது போவ மிச்சம்.” துப்பினார். அடுத்த வயல். “இது புதுசு. போன அமாவாசைக்கு ஏறுன தண்ணி.” துப்பினார். மூன்றாவது வயலில் வெகு நேரம் யோசித்தார். “இது உப்பு இல்லவே. மாடு.”

பிறகு என் முறை. கும்பகோணத்தில் பெரிய மனிதர் வீட்டுக் கல்யாணங்களில் பந்தியில் உட்கார்ந்த நாக்கு இது. மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு நீட்டினேன். முதல் வயலில் மண் மண்ணாக இருந்தது. அடுத்ததில் வைத்தபோது நாக்கு நுனியில் சுருக்கென்றது. “கரிக்குது! கரிக்குது!” என்று கத்தியேவிட்டேன். பரீட்சையில் தேறியபோதுகூட நான் அப்படிக் கத்தவில்லை. ஊரே சிரித்தது, அண்ணாச்சி முதுகில் தட்டினார். அவர்மேல் இருந்த வெறுப்பெல்லாம் போன இடம் தெரியவில்லை.

அந்தக் கரித்த வயல் அவருடையதுதான். பயிர் முழங்கால்கூட உயரவில்லை. தாள்களின் நுனி எல்லாம் நெருப்பில் வாட்டின மாதிரி கருகியிருந்தது. நான் கேட்டதற்காக ஒரு செடியைப் பிடுங்கிக் காட்டினார். துரை வரைந்த இரண்டாவது படமேதான். விரல் நீளம்கூட இல்லாத வேர், பழுப்பாக, கட்டையாக, பக்க வேர் இல்லாமல் மொட்டையாக இருந்தது. நான் நன்றாகப் பார்ப்பதற்குள் அவர் அதை மறுபடி சேற்றில் வைத்துக் காலால் அழுத்திவிட்டார். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

“நாளைக்குக் காலைல ஆறு செடியப் பக்குவமாக் கெட்டித் தாரோம். நீங்க என்னத்துக்குச் சேத்துல எறங்கிக்கிட்டு” என்றார். சேற்றில் இறங்க வேண்டாம் என்று யாராவது சொன்னால் நான் காரணம் கேட்கிற வழக்கம் இல்லை.

வியாழக்கிழமை காலையில் ஒரு பெரிய பனையோலைப் பெட்டி தயாராக இருந்தது. உள்ளே ஈர வைக்கோல், மேலே வாழையிலை, அதற்கு மேல் மஞ்சள் துணி, நாலு மூலையிலும் குங்குமம். கல்யாணச் சீர் மாதிரி இருந்தது. அவிழ்த்துப் பார்க்க மனம் வரவில்லை. மதினி நார்த்தங்காய் ஜாடியை உறியிலிருந்து இறக்கிக் கொடுத்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார், அண்ணாச்சியைப் பார்த்தார், சொல்லாமல் உள்ளே போய்விட்டார். எனக்கு ஜாடிமேல்தான் கண்.

வண்டி ஊரைத் தாண்டி அரை மைல்கூடப் போயிருக்காது. பொறுக்க முடியவில்லை. ஜாடியைத் திறந்து, ஒரு துண்டு நார்த்தங்காயை எடுத்து, கண்ணை மூடி, வாயைத் திறந்தேன். அந்தச் சமயம் பார்த்துக் கடையாணி கழன்று சக்கரம் தனியாக ஓடியது. வண்டி சாய்ந்தது. ஜாடி வாய்க்காலில். நான் ஓலைப் பெட்டியில், தலைகீழாக. நார்த்தங்காய்க்காகத் திறந்த வாயில் மண் நிறைந்தது.

மூன்று நாள் உப்பு காணாத நாக்கு, எஜமானனைக் கேட்காமலே வேலை செய்தது. மண்ணில் உப்பில்லை. கொஞ்சம்கூட இல்லை. வெறும் மண்.

“மாடசாமி! இதுல உப்பே இல்லையேப்பா!” என்று மண்ணோடு கத்தினேன்.

“அது எப்படிய்யா இருக்கும்? மேக்க உள்ள சம்பந்தி வயலு மண்ணுல்லா” என்றார் மாடசாமி, சக்கரத்தைப் பிடிக்க ஓடிக்கொண்டே. ஓட்டம் நடுவில் நின்றது. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். ஆறு செடிகள், ஒவ்வொன்றும் கொழுகொழுவென்று. வேர் வெள்ளை வெளேரென்று ஒரு சாணுக்கு மேல். விஷயம் பைய வெளியே வந்தது. தண்ணீர் எடுக்கப் போகிற ஊர்தான் அண்ணாச்சியின் பெண்ணைக் கொடுத்த ஊர். அன்று விடியற்காலம் மாடசாமி பீப்பாயோடு கிளம்பும்போது அண்ணாச்சியும் ஏறிக்கொண்டிருக்கிறார். “‘ஏலே, நல்லாத் தெரட்சியாப் பாத்து ஆறு எடுலே’ன்னாவ. நானும் எடுத்தேன். எனக்கென்னய்யா தெரியும்?” என்றார் மாடசாமி.

இந்தச் செடிகளைத் துரையின் மேஜையில் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? சேரன்மகாதேவியைவிடக் கழிக்குறிச்சியில் நெல் அமோகம் என்று எழுதி மனுவை மூடியிருப்பார். அப்புறம் கரையாவது மதகாவது. கடல் ஆற அமர வந்து மிச்ச வயலையும் எடுத்துக்கொண்டிருக்கும். சக்கரம் மாட்டும் வரை காத்திருக்கப் பொறுமை இல்லாமல், பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்த வழியே நடந்தேன்.

அண்ணாச்சி வாசலிலேயே நின்றார். நான் செடிகளை அவர் காலடியில் கொட்டினேன்.

“என்னங்க இது?”

அவர் கொஞ்சமும் அசரவில்லை. “நல்ல செடிதான அய்யா? ஒரு ஆபீசர் வந்து மூணு நாளு எங்ககூட உப்பில்லாம உண்டுட்டுப் போறாவ. அவாவ கையில அந்தச் சவத்தையா குடுத்து அனுப்புவேன்? கூட மஞ்சத்துணி வேற கெட்டி? துரை பாத்தா, கழிக்குறிச்சிக்காரனுக்கு வெள்ளாம பண்ணத் தெரியலன்னுலா நெனைப்பாரு?”

“அதைத்தாங்க ஏற்கெனவே நினைச்சுக்கிட்டு இருக்காங்க!”

“அப்போ இந்தச் செடியப் பாத்துட்டு மாத்திக்கிடட்டும்!”

கூடியிருந்தவர்கள் எல்லாரும் அண்ணாச்சி சொல்வதுதான் நியாயம் என்று தலையாட்டினார்கள். விருந்தாளி கையில் வீட்டிலேயே நல்ல பண்டத்தைத்தானே கொடுத்து அனுப்புவார்கள் என்றார் ஒருவர். ஒரு கணம் எனக்கே அப்படித் தோன்றிவிட்டது.

கோமதி மதினிதான் உள்ளே இருந்து வந்தார். “மூணு வருசமா உப்பு உப்புன்னு மனு எழுதுனது நீங்கதான? எங்க உப்புன்னு கேட்டு ஒரு மனுசன் வந்து நிக்காவ. அவாவ கையில சம்பந்தி வயலக் குடுத்தா, கரை சம்பந்தி வீட்டு வாசலுக்கா வரும்?” என்றார். “காலைலயே சொல்லணும்னு வாயெடுத்தேன். ஊருக்கு முன்னால உங்க மொகத்துக்காகப் பொறுத்தேன். இனி பொறுக்க மாட்டேன்.” சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்கு நடந்தார்.

நாங்கள் பின்னாலேயே ஓடினோம். நான் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வாழ்நாளில் முதல் தடவையாகச் சேற்றில் இறங்கினேன். மதினி மண்வெட்டியை ஓங்கினார்.

“பைய! பைய!” என்று அண்ணாச்சி கத்தினார். “வேரு அறுந்துரும்.” மண்வெட்டியை வாங்கிக் கரையில் வைத்துவிட்டு, தாமே மண்டியிட்டு, விரலாலேயே மண்ணைத் தளர்த்த ஆரம்பித்தார். விரல் நீளம்கூட இல்லாத அந்த மொட்டை வேர்களை, ஒரு இழை அறாமல், ஒட்டிய மண் உதிராமல் ஆறையும் எடுத்தார். தோள் துண்டை நனைத்து அதில் வரிசையாக வைத்தார். கடைசிச் செடியை என் கையில் கொடுக்கும்போது விடாமல் பிடித்துக்கொண்டார்.

“இதையா அய்யா, நெல்லுன்னு கொண்டு காட்டப் போறிய?”

அவர் கண்கள் நிறைந்திருந்தன. மூன்று வருஷமாக அந்த மனிதர் இந்த வேரைத் தினமும் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு மறுபடி நட்டிருக்கிறார். “நெல்லுன்னு இல்லைங்க அண்ணாச்சி. உப்புன்னு காட்டப் போறேன்” என்றேன்.

அதற்குள் கரையில் ஒரு கலவரம். மோசமான செடிதான் வேண்டும் என்ற செய்தி பரவிவிட்டது. “எங்க வயல்ல இதவிடக் கேவலமா இருக்குய்யா, அதக் கொண்டு போங்க” என்றார் ஒருவர். “அவம்பயிரு கேவலமா? எம்பயிர வந்து பாருங்க, வேரே கெடையாது” என்றார் இன்னொருவர். இரண்டு பேரும் கைகலக்கப் பார்த்தார்கள். ஆறுதான் கணக்கு என்று சொல்லித் தப்பித்து வந்தேன். மதினி அவசரமாகச் சோறு போட்டார். இலையின் இடது மூலையில் உப்பு இருந்தது. முதல் கவளத்தில் நான் அழுதேன். மதினி பார்க்காத மாதிரி இருந்தார்.

வெள்ளிக்கிழமை மாலை துரை தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். மேஜையில் இரண்டு வரிசையாகச் செடிகளை வைத்தேன். அவர் பூதக்கண்ணாடியால் வேர்களைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார்.

“வேர் மோசம்தான். ஆனால் மாட்டு வண்டியில் வந்ததால் வாடியிருக்கலாமே. மண்ணைப் பரிசோதித்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும். அதற்கு மாதக்கணக்காகும். நான் நாளைக்குப் போகிறேன்.”

பேனாவை மூடப் போனார். அந்தப் பேனாவோடு கழிக்குறிச்சியும் மூடிவிடும் என்று எனக்குத் தெரிந்தது. எனக்கு எங்கிருந்து துணிச்சல் வந்ததோ, “துரை அவர்கள் நாக்கை நீட்ட வேண்டும்” என்றேன்.

பட்லர் கையிலிருந்த தட்டு கீழே விழுந்தது.

நானே முதலில் நீட்டிக் காட்டினேன். சேரன்மகாதேவி மண் ஒரு சுண்டைக்காய், துப்பு. கழிக்குறிச்சி மண் ஒரு சுண்டைக்காய், முகத்தைச் சுளி. முறைப்படி மூன்று நாள் உப்பில்லாமல் இருக்க வேண்டும் என்றும், மீசையைத் துடைத்துக்கொள்வது நல்லது என்றும் விளக்கினேன். துரை என்னைப் பார்த்தார். செடியைப் பார்த்தார். இலாகாவில் என் உத்தியோகம் அன்றோடு சரி என்று நான் நினைத்தபோது, அவர் மீசையைத் துடைத்துக்கொண்டு நாக்கை நீட்டினார்.

முதல் மண்ணைச் சாதாரணமாகத் துப்பினார். இரண்டாவது மண்ணுக்கு அவர் இங்கிலீஷில் சொன்னதை நான் மொழிபெயர்க்கப் போவதில்லை. பட்லர் கொண்டுவந்த தண்ணீரால் மூன்று தடவை வாய் கொப்பளித்தார். விரதம் இல்லாத நாக்குக்கே தெரிந்துவிட்டது. பேனாவை மறுபடி திறந்து, நின்றுகொண்டே எழுதினார்.

கரை கட்டுகிறார்கள் என்று ஆடி மாதம் காதில் விழுந்தது. அப்புறம் நான் பழையபடி கடுதாசி எழுதும் குமாஸ்தாவானேன். அடுத்த பொங்கல் கழிந்து, ரயில் பார்சலில் ஒரு பனையோலைப் பெட்டி வந்தது. மேலே ஒரு கட்டுப் பனங்கிழங்கு. கீழே ஈர வைக்கோல், மஞ்சள் துணி, நாலு மூலையிலும் குங்குமம். கூட ஒரு கடிதம்.

“கரை நிற்கிறது. அமாவாசைக்குத் தண்ணீர் வந்து முட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறது. இத்துடன் ஒரு செடி. தாங்கள் பார்த்த அதே வயல். துரைக்கு அல்ல, தங்களுக்கு. நல்ல செடி அனுப்ப இந்தத் தடவை உத்தரவு உண்டா என்று கேட்காமலே அனுப்பிவிட்டேன்.”

துணியை அவிழ்த்தேன். பச்சைப் பசேலென்று செடி. வேர் வெள்ளையாக, ஒரு சாண். எனக்கு முதலில் வந்த எண்ணம், மாடசாமி இன்னும் தண்ணீர் வண்டி ஓட்டுகிறாரா என்பதுதான்.

வேர் மண்ணில் கொஞ்சம் ஒரு சிமிழில் எடுத்து வைத்துவிட்டு, செடியைத் தொட்டியில் நட்டேன். மூன்று நாளைக்கு உப்பில்லாமல் சமைக்கும்படி மனைவியிடம் சொன்னேன். “என் சமையல்ல இப்ப என்ன குத்தம் கண்டுட்டீங்க?” என்று அவள் இரண்டு நாள் பேசவில்லை. நாலாம் நாள் காலை, மீசையைத் துடைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தேன். தெருவே கூடிவிட்டது, ரங்கூன்காரர் உட்பட.

ஒரு சுண்டைக்காய் மண்ணை நாக்கில் வைத்துக் கண்ணை மூடினேன். மண், மண், மண். மனம் சோர்ந்துபோயிற்று. அப்புறம் நுனியில், இருக்கிறதோ இல்லையோ என்று சந்தேகப்படுகிற அளவுக்கு, லேசாகக் கரித்தது. ஒரே வருஷத்தில் எல்லா உப்பும் போய்விடுமா என்ன? அவருடைய வயலேதான்.

“என்ன, கரிக்குதா?” என்றார் ரங்கூன்காரர்.

தொட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்து, வீடு வீடாகப் போய் அண்ணாச்சியின் செடியைக் காட்டிவிட்டு வந்தேன்.